பங்கா கயிறும் புளியம்விளாரும்

சுவரில் ஒரு துளை இருந்தது. ஆண்டை வீட்டுக் கூடத்தின் மேற்குச் சுவரில், உத்தரத்துக்குச் சற்றுக் கீழே. அதன் வழியாக ஒரு கயிறு வெளியே வரும். கயிற்றின் உள்முனையில் கூடத்தின் நடுவே தொங்கும் துணிப் பங்கா. வெளிமுனையில் நான். கயிறு உள்ளே போகலாம். நான் இழுத்து உண்டாக்கிய காற்றும் உள்ளே போய்ப் பெரிய மனிதர்களின் வேர்வையை ஆற்றலாம். நான் மட்டும் போகக் கூடாது. காற்றுக்குத் தீட்டு இல்லை என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருக்கிறார்கள். கோடையில் அந்த முடிவு எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

எங்கள் ஊர் நெமிலிச்சேரிக்குத் தெற்கே, ஏரியை ஒட்டி. ஊர் என்றால் ஆண்டைமார் இருந்த பக்கம். நாங்கள் இருந்தது சேரி. என் தகப்பனார் தம் கல்யாணத்துக்கு வாங்கிய நெல்லுக்காக ஆண்டையிடம் படியாளாகச் சேர்ந்தார். அவர் செத்த பிறகு அதே நெல்லுக்காக நானும் படியாள். அந்தக் கல்யாணச் சோற்றைத் தின்றவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள். நெல் மட்டும் இன்னும் தீரவில்லை என்று சொன்னார்கள். படியாளுக்கு அன்றாடம் படிக் கணக்கில் தானியம் உண்டு. வேறிடத்தில் வேலைக்குப் போக உத்தரவு இல்லை. குடிசை போட்டிருக்கும் மனையும் ஆண்டையுடையது.

நான் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன். ஆண்டைக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் பங்கா வேலை எனக்குக் கிடைத்திருக்காது. நாலு பேர் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தால் எனக்குக் கால் பின்னிக்கொள்ளும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கும் அப்படித்தான். "இவன் வாயில்லாப் பயல், எதைக் கேட்டாலும் வெளியே போகாது" என்று சொல்லிக் காரியஸ்தர்தான் என்னை அந்தக் கயிற்றுக்கு வைத்தார். அப்போது எனக்கு இருபது வயதிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்தக் கூடத்தில் ஒரு சபை கூடும். யுத்த காலம் அது. ஆண்டையின் மாப்பிள்ளை பட்டணத்தில் வக்கீல். அவர் ரயிலில் பட்டாபிராமில் வந்து இறங்கி வில்வண்டியில் வருவார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வருவார். சுற்றுவட்டத்து மிராசுதார்கள் சிலர் வருவார்கள். முதலில் கேசரி, பிறகு காபி, அதன் பிறகு தேச விடுதலை. இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை.

ஒரு வாரம் அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயம், அடிமைப்பட்டவன் தன்னை அடிமைப்படுத்தியவனைத் திருப்பி அடிப்பது தர்மமா என்பது. அடிமைப்பட்டவன் என்றால் அவர்கள். அடிமைப்படுத்தியவன் வெள்ளைக்காரன். ஆண்டைதான் தலைவர்.

வக்கீல் மாப்பிள்ளை எழுந்தார். அவர் குரலுக்குத் துளை தேவையில்லை, சுவரைத் தாண்டியே வரும்.

"கட்டிப்போட்டவனுக்கு, கட்டுண்டவன் ஏன் உதைக்கிறான் என்று கேட்க வாயில்லை! அந்த உதை எங்கிருந்து வந்தது? கட்டிய கயிற்றிலிருந்து வந்தது!"

நான் என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் மறுத்தார். அடிப்பவனுடைய ஆத்மா கெட்டுப்போகும், பொறுத்திருந்தால் எதிரியின் மனம் ஒருநாள் இளகும் என்றார். "எத்தனை தலைமுறை பொறுப்பது?" என்று வக்கீல் கேட்டார். "பிறந்த மண்ணில், அப்பன் பாட்டன் உழைத்த மண்ணில், இன்னொருவன் முன்னால் கைகட்டி நிற்பதா?" ஒரே கைதட்டல். அந்தச் சமயம் பார்த்துத் தெருவில் சைக்கிள் மணி கேட்டது. பூந்தமல்லி போலீஸ்காரர் ஒருவர் ரோந்து வருகிற சைக்கிள் அது. கூடத்தில் சத்தம் அப்படியே அடங்கியது. ஆண்டை உரக்க, "இந்த வருஷம் ஏரி நிரம்புமோ, என்னமோ!" என்றார். "நிரம்பும், நிரம்பும்" என்று ஐந்தாறு பேர் அவசரமாகச் சொன்னார்கள். மணி தேய்ந்து மறைந்த பிறகு புரட்சி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். தர்மம் என்று ஒன்பது பேர், இல்லை என்று இரண்டு பேர். ஆண்டை முடித்துவைத்துப் பேசினார். "அடிமைப்பட்டவன் கை ஓங்கினால், அந்தப் பாவம் ஓங்க வைத்தவனையே சேரும்." எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. என்னையறியாமல் கயிற்றை வேகவேகமாக இழுத்துவிட்டேன். உள்ளே காகிதங்கள் பறந்தன. "டேய், மெள்ளடா! புயல் அடிக்குது!" என்று சத்தம் வந்தது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா புருஷனும் அதே ஆண்டைக்குப் படியாள். அவரிடமும் அக்காவிடமும் மட்டும் எனக்குப் பேச்சு வரும். மாமா வாசலில் உட்கார்ந்து சாணிக்கூடை பின்னிக்கொண்டிருந்தார்.

"இன்னா மச்சான், இன்னிக்கி இன்னா பேசிகினாங்க?"

சொன்னேன்.

"அவுங்க அடிமையா? யாருக்கு?"

"வெள்ளக்காரனுக்கு."

"யப்பா! கேசரி துன்னுகினு கீற அடிமைய நான் இன்னிக்கித்தான் கேள்விப்படறேன்." கூடையைக் கீழே வைத்துவிட்டார். "சரி, அப்ப நாம யாரு?"

"அதப் பத்திப் பேசல மாமா."

"நாம திருப்பி அடிக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

"அதுவும் சொல்லல."

"அப்ப மறந்து பூட்டாங்க. பெரிய மனுசங்களுக்கு ஆயிரம் வேல. அடுத்த வாரம் ஞாபகம் வந்து சேத்துக்குவாங்க."

உள்ளேயிருந்து அக்கா, "ஒன்னைச் சேத்துக்கினு அவுங்க இன்னா பண்ணுவாங்க? கூடைய முடி!" என்றாள். அவளுக்கு அப்போது எட்டாம் மாசம். கூரை இரண்டு மழைக்கு முன்பே மக்கிப்போயிருந்தது. உள்ளே படுத்தால் வானம் தெரியும்.

அந்தக் கூரைதான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது. ஆவடியில் அந்தச் சமயம் பட்டாளத்துக்காகக் கொட்டகை கொட்டகையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜல்லி சுமக்க ஆள் வேண்டும். யார் வீட்டு ஆள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சாயங்காலம் கூலி கைக்கு வந்துவிடும். மாமா ஆண்டையிடம் சொல்லாமல் மூன்று நாள் போனார். மூன்றாம் நாள் சாயங்காலம் ஓலைக்கட்டோடு திரும்பினார். உடம்பில் யாரோ கழித்துப்போட்ட ஒரு காக்கிச் சட்டை. அதில் ஒரே ஒரு பித்தான்தான் இருந்தது. அந்த ஒன்றையும் அக்கறையாகப் போட்டிருந்தார்.

ஏரிக்கரையில் காரியஸ்தர் எதிர்ப்பட்டார்.

"எவன்டா உனக்குச் சட்டை குடுத்தவன்?" என்று தடியை ஓங்கினார். மாமா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அடிக்கவில்லை, தள்ளவில்லை. பத்து எண்ணும் நேரம் பிடித்திருந்தார், பிறகு விட்டார். வழியில் எதிர்கொண்டு ஓலைக்கட்டை வாங்கிச் சுமந்து பின்னால் வந்த நான் சாட்சி.

மறுநாள் காரியஸ்தர் மணிக்கட்டில் ஒரு துணி சுற்றியிருந்தார். அதற்கு மறுநாள் முட்டைப் பற்று வந்தது. சனிக்கிழமைக்குள் கட்டு முழங்கை வரை ஏறி, கழுத்திலிருந்து தூளி தொங்கியது. இடையில் ஒருநாள் அது இடது கைக்கு மாறியிருந்ததாக ஆண்டை வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளுகிற பெண் சொன்னாள்.

ஆண்டையிடமிருந்து உத்தரவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை களத்துமேட்டுப் புளியமரத்தடிக்கு மாமா வர வேண்டும். இருபத்தோரு அடி. அடி வாங்கிக் காரியஸ்தர் காலில் விழ வேண்டும். முடியாதென்றால் குடிசையைப் பிரித்துப்போட்டு மனையை விட்டு வெளியேற்றம்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அடி வாங்குகிறவன்தான் அடிக்கிற விளாரை வெட்டிக் கொண்டுவர வேண்டும். புளியமரத்தில் ஏறி, நன்றாக வளைகிற கிளையாகப் பார்த்து வெட்டி, இலையை உருவி, கணுவைச் செதுக்கி, இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். பாதியில் ஒடிந்தால் வேறொன்று வெட்டி வர வேண்டும். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே ஒடியாத விளார் வெட்டுவதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள். ஆண்டைமார் யாரும் விளார் வெட்டியதே கிடையாது. தாங்களே வெட்டினால் அடிக்க ஆசைப்பட்டது போல ஆகிவிடும். கொடுத்ததை வாங்கி அடித்தால் நியாயம் செய்தது போல இருக்கும்.

சனிக்கிழமை காலையில் மாமா அக்காவிடம், "அடிய வேணா வாங்கிக்கறேன். விளார மட்டும் நான் வெட்டமாட்டேன்" என்றார்.

அக்கா முறத்தைக் கீழே போட்டாள். "இன்னாய்யா ரெண்டுக்கும் வித்தியாசம்? முதுவு ஒன்னோடது, மரம் அவுங்களோடது. வெட்டிக் குடுத்துட்டு வா. நீ நாயம் பேசிட்டு நட்டுகினு நிப்ப. மழ இன்னும் ஒரு மாசங்கூட இல்ல. நான் எங்க போயி புள்ள பெக்கறது, ஏரிக்குள்ளயா?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. அவர் சொன்னதிலும் எனக்குத் தப்பு தெரியவில்லை. நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தலையை ஆட்டினேன். அதுதான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. புளியமரத்தடியில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வழக்கு இருக்கிறதென்று சபைக்காரர்களும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். போன வாரம் உள்ளே உட்கார்ந்திருந்த அதே பதினோரு பேர். நிழலில் அவர்கள், வெயிலில் நாங்கள். அக்கா வைக்கோல்போர் ஓரமாக இடுப்பில் கையூன்றி நின்றாள்.

"கை ஓங்கினவனைப் பிடிச்சியா இல்லியாடா?" என்று ஆண்டை கேட்டார்.

"புடிச்சேன் ஆண்டே. ஓங்கினதாலதான் புடிச்சேன். அடிமப்பட்டவன் கை ஓங்கனாலே பாவம் ஓங்க வச்சவனத்தான் சேருமாமே. நான் ஓங்கக்கூட இல்லியே."

பதினோரு நாற்காலியிலும் ஓர் அசைவு.

"இதை யார்ரா உனக்குச் சொன்னது?"

மாமா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"காத்துல வந்துச்சு ஆண்டே."

வக்கீல் மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். போன வாரம் பேசியது அரசியல் அடிமைத்தனம் என்றார். அது அந்நியன் செய்வது. இங்கே இருப்பது பரம்பரை பந்தம், ஆண்டையும் படியாளும் தகப்பனும் பிள்ளையும் மாதிரி, தகப்பன் கையைப் பிள்ளை பிடிக்கலாமா என்றார். பொறுமையே தர்மம் என்று வாதாடிய இன்ஸ்பெக்டர், பிரம்பு வன்முறையில் சேராது, அது கல்வியின் ஒரு பகுதி என்றார். கை தூக்கச் சொன்னபோது இந்தத் தடவை பதினோரு கையும் உயர்ந்திருந்தன. போன வாரம் பிரிந்து போன சபையை மாமாதான் ஒன்று சேர்த்துவைத்தார்.

"போ, விளார் வெட்டிக்கிட்டு வா" என்றார் ஆண்டை.

"வெட்டமாட்டேன் ஆண்டே."

"என்னடா சொன்ன?"

"அடிக்கறதுன்னா அடிங்க. இதோ முதுவு. விளார நீங்களே வெட்டிக்குங்க."

மாமா சட்டையைக் கழற்றி மடித்துத் தரையில் வைத்தார். திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். யாருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. இருபத்தோரு அடி வாங்க ஒருவன் தயார். அடிக்கப் பதினோரு பேர் சம்மதம். மரம் நிறைய விளார். நடுவில் வெட்ட ஆளில்லை. பதினோரு பேரும் அண்ணாந்து கிளைகளைப் பார்த்தார்கள். மிராசுதார் ஒருவர், "இதுக்கு மரமேறுகிற ஆள் யாராவது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அப்போது காரியஸ்தர், "இவன் மச்சான் இருக்கானே! சொந்தக்காரன் வெட்டினா வழக்கத்துக்குக் குறைவில்லை!" என்று கையை நீட்டி என்னைக் காட்டினார். தூளியிலிருந்து எடுத்து நீட்டிய அதே ஒடிந்த கை. அது நன்றாகவே நீண்டது.

ஆண்டை வீட்டிலிருந்து கொடுவாள் வந்தது. என் கையில் கொடுக்காமல் காலடியில் போட்டார்கள். எடுத்தேன். மாமா திரும்பவில்லை. அக்கா என்னைப் பார்த்து, சீக்கிரம் முடித்துக்கொண்டு வா என்பது போலத் தலையசைத்தாள். அவள் கண் குடிசை இருந்த பக்கம் போய்வந்தது. நான் ஏறினேன். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் கொஞ்சம் அதிகமாகவே ஏறிவிட்டேன். ஆண்டையின் நாற்காலிக்கு நேர் மேலே போய் நின்றேன்.

மேலிருந்து பார்த்தால் மனிதர்கள் வேறு மாதிரி இருக்கிறார்கள். கீழே நின்று நான் அவர்கள் கால்களை மட்டுமே பார்த்திருக்கிறேன். இப்போது உச்சந்தலைகள் தெரிந்தன. ஆண்டைக்குக் குடுமிக்கு முன்னால் ஓர் உள்ளங்கை அளவு வழுக்கை. இன்ஸ்பெக்டர் தலைப்பாகையின் நடுவில் ஓர் ஓட்டை. மாமாவின் முதுகில் ஜல்லி சுமந்த காயம் இன்னும் ஆறாமல் இருந்தது. எந்தக் கிளையை வெட்டுவது? எவ்வளவு தடிமன்? மாமாவின் முதுகைப் பார்த்தபடி என்னால் அதை யோசிக்க முடியவில்லை. வெட்டாமல் இறங்கினால் அக்காவின் கூரை போய்விடும். வெட்டிக்கொண்டு இறங்கினால் என் கையால் வெட்டியதுதான் அவர் முதுகில் விழும். மறுபடி அந்த வழுக்கையைப் பார்த்தேன். எவ்வளவு பக்கம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்பதை மறைத்து இதை எழுதுவதில் பிரயோசனமில்லை.

கை வேர்த்து வழுக்கியது. கொடுவாளை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினேன்.

கீழே பதினோரு நாற்காலியும் ஒரே சமயத்தில் பின்னால் நகர்ந்தன.

எனக்கு முதலில் புரியவில்லை. வேட்டியில் கை துடைத்துக்கொண்டு கொடுவாளை மறுபடி வலது கைக்கு மாற்றினேன். இன்னும் ஓர் அடி நகர்ந்தன. எத்தனையோ வருஷம் கயிறு இழுத்தவன் நான். பங்காகூட என் கைக்கு அவ்வளவு லேசாக அசைந்தது கிடையாது.

"டேய், என்னடா பண்றே அங்க?" என்றார் ஆண்டை. குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

எவ்வளவு தடிமன் வேண்டும் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. பேச்சு வராமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது எப்படித் தெரிந்ததோ, நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். வக்கீல் மாப்பிள்ளை ஏற்கெனவே வெயிலில், எங்கள் ஆட்களுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தார். கட்டுண்டவனின் உதை எங்கிருந்து வரும் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இன்ஸ்பெக்டர் அண்ணாந்து, "தம்பி, பார்த்து... கிளை வழுக்கும்" என்றார். என் ஆயுசில் அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கிடைத்த முதல் 'தம்பி' அது.

நிழல் முழுக்கக் காலியாகிவிட்டது. மாமா மட்டும் சட்டையில்லாத முதுகோடு அதே இடத்தில் நின்றார்.

நான் அசையவில்லை. கோழி ஒன்று வந்து ஆண்டையின் நாற்காலிக்கடியில் கிளறிவிட்டுப் போயிற்று. கடைசியில் ஆண்டை கையைக் கண்ணுக்கு மேலே வைத்து வானத்தைப் பார்த்தார். "வெயில் ஏறிடுச்சு. கர்ப்பஸ்திரீ வேற நிக்கிறா. ஏதோ இந்தத் தடவை போகட்டும். மனை அப்படியே இருக்கட்டும்" என்றார். பிறகு மேலே பார்த்து, "நீ இறங்குப்பா. கத்தியை அங்கயே கிளையில மாட்டிட்டு இறங்கு" என்றார்.

மாட்டிவிட்டு இறங்கினேன். ஆண்டை பெரிய மனது பண்ணிப் படியாளை மன்னித்தார் என்று ஊர் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். வக்கீல் மாப்பிள்ளை அதைப் பட்டணத்திலும் சொன்னாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபை எடுத்துக்கொண்ட விஷயம் பசு பராமரிப்பு. நானேதான் கயிறு இழுத்தேன். கை வலிக்கிறதா என்று உள்ளேயிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

பின்னாளில் ஆவடியில் எனக்கு வேலை கிடைத்த பிறகு, படித்தவர்கள் சிலர் இந்த மாதிரி விஷயங்களைப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அடிமை கத்தி எடுக்கலாமா, கூடாதா என்று. அவர்கள் அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தக் கத்தி அவர்களுடையது. அதை என் காலடியில் போட்டவர்களும் அவர்கள். என் மாமா முதுகில் விழப்போகிற அடிக்காக என்னை மரமேற்றும் வரைக்கும் அந்தக் கத்தியைப் பற்றி யாருக்கும் தர்ம சந்தேகம் வரவில்லை. வெட்டுவாய் அவர்கள் பக்கம் திரும்பியது போலத் தெரிந்த பிறகுதான் வந்தது.

மரத்திலிருந்து இறங்கிய அன்று சாயங்காலம் மாமா புது ஓலையைக் கூரையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தேன். அக்கா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டேய், நெசத்தச் சொல்லு. மேல குந்திகினு இன்னாடா நெனச்சிகினு இருந்த? கெயவன வெட்டிப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போயிடுவியோன்னு பயந்தே பூட்டேன்."

"அத்தினி பேரு பாத்தாங்களா... பேச்சு வரலக்கா. எறங்க வெக்கமா இருந்துச்சு."

அக்கா வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கூரை மேலிருந்த மாமா பயந்துபோய், "இன்னா, வலி எடுத்துகிச்சா?" என்று எட்டிப்பார்த்தார். அவள் இல்லையென்று கையசைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகில் குனிந்தாள்.

"இத மட்டும் யார்கிட்டயும் வாய் தவறிச் சொல்லிடாத, நைனா. புள்ள பொறக்கற வரைக்கும் ஊடு நிக்கட்டும்."